செல்போன் விளையாட்டும் நம் பிள்ளைகளும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாலை ஆகியவற்றைப் பற்றியே இம்மேடையில் பேசி வந்தவன் நான். இன்று எடுத்துக்கொண்ட பொருள் எந்தத் திட்டத்தின் கீழும் வராதது. இதற்கு மதிப்பீடு தயாரிக்கவும் இயலாது. சென்ற கூட்டம் முடிந்து நான் வண்டியில் ஏறும் சமயத்தில் ஒரு தாயார் என்னை நிறுத்தினார். "ஐயா, எங்கள் பையன் இரவெல்லாம் செல்போனில் சுட்டுக்கொண்டே இருக்கிறான். பகலில் தூங்குகிறான். கேட்டால் சோற்றுத் தட்டை எறிகிறான். சர்க்காரில் இதற்கு ஏதாவது வழி உண்டா?" என்று கேட்டார். அவருக்கு அன்று நான் தக்க மறுமொழி கூறவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இன்று பேசுகிறேன்.

இவ்விளையாட்டு நம் வீடுகளுக்குள் எவ்வாறு புகுந்தது என்பது தங்களுக்கு நினைவிருக்கும். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் நிலையாகத் திறக்க 2021 செப்டம்பர் ஆயிற்று. சிறு வகுப்புகளுக்கு நவம்பர் ஆயிற்று. ஆட்டை விற்றும் கம்மலை அடகு வைத்தும் பிள்ளையின் பாடத்துக்காகச் செல்போன் வாங்கிய குடும்பங்கள் நம் வட்டாரத்தில் உண்டு. பாடம் ஒரு மணி நேரம் நடந்தது. எஞ்சிய நேரத்துக்கு விளையாட்டு வந்து சேர்ந்தது. பள்ளி திறந்த பின்னரும் செல்போன் பிள்ளையின் கையை விட்டு இறங்கவில்லை.

இவ்விளையாட்டுகளைச் சில நாட்கள் அருகிலிருந்து கவனித்தேன். பப்ஜி என்பதில் 100 பேர் வானிலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தி, இறுதியில் எஞ்சும் ஒருவனோ ஒரு குழுவோ வெற்றி பெறுகிறது. ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ அரை மணி ஆகும். ஃப்ரீ ஃபயர் என்பதில் 50 பேர், ஆட்டமும் சிறிது. இரண்டிலும் நடுவே நிறுத்திவைக்க வழியில்லை. தாய் சாப்பிட அழைக்கும்போது பையன் "இதோ வருகிறேன்" என்கிறான், வருவதில்லை. பாதியில் எழுந்தால், குழுவிலுள்ள மற்ற மூன்று தோழர்களைக் களத்தில் விட்டு ஓடியவன் ஆவான். இதை அறியாமல் நாம் செல்போனைப் பிடுங்குகிறோம். அப்போதுதான் தட்டு பறக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே "இந்த ஒன்றுடன் எழுந்துவிட வேண்டும்" என்று சொல்லிவைத்தால் பாதிச் சண்டை குறையும்.

திருவிழாவில் வளையம் வீசும் கடையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீசும்போதெல்லாம் பரிசு விழுந்தால் சலித்துவிடும். ஒருபோதும் விழாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். எப்போதோ ஒருமுறை விழுவதால்தான் சட்டைப்பை காலியாகும்வரை நிற்கிறோம். செல்போன் விளையாட்டிலுள்ள பரிசுப் பெட்டிகள் இவ்வாறே அமைக்கப்பட்டுள்ளன. நாள்தோறும் வந்தால் ஒரு வெகுமதி; ஒரு நாள் தவறினால் அது போய்விடும். படிப்படியாக ஏறிய தரவரிசை, ஓரிரு மாதத்தில் பருவம் முடிந்ததும் கீழே இறக்கப்படும். மீண்டும் ஏற வேண்டும். திருவிழாக் கடை மூன்று நாளில் மூட்டை கட்டிவிடும். இக்கடை பிள்ளையின் தலையணைக்கடியில் இருக்கிறது.

விளையாட்டு இலவசம் என்று நினைப்பவர்கள் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக்கு வர்ணம், வீரனுக்குச் சட்டை, வைரம் என்று 80 ரூபாய், 160 ரூபாயாகப் போகும். நம் வட்டாரத்தில் ஒரு விவசாயியின் பால் பணம் முழுவதும் இவ்வகையில் கரைந்தது. பணம் அனுப்பும் இரகசிய எண்ணை, தமக்குக் கண் சரியாகத் தெரியாததால், அவரே மகனிடம் சொல்லி வைத்திருந்தார். பையனைத் திருடன் என்று ஊரார் பேசினார்கள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

விளையாடுகிற பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இவ்விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்படுகின்றன: ஆட்டத்தைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாமை, உணவு, உறக்கம், படிப்பு யாவற்றுக்கும் மேலாக அதையே வைத்தல், கேடு விளைவது தெரிந்தும் தொடர்தல். இவை பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்திருக்க வேண்டும். மாலையில் ஒரு மணி ஆடிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிற பையனை இக்கணக்கில் சேர்த்துத் திட்ட வேண்டியதில்லை.

நிற்க. பிறருக்குச் சொல்லுமுன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவது முறை. 2020இல் நான் வேறோர் ஒன்றியத்தில் இருந்தேன். தனிமைப்படுத்தும் முகாம்களைச் சுற்றிவிட்டு வீடு திரும்ப இரவு 11 மணி ஆகும். ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் மகனின் அறையில் விளக்கு எரிவது கண்டு, படிக்கிறான் என்று மகிழ்ந்தேன். பல மாதங்கள் கழித்து, ஓரிரவு 2 மணிக்கு உண்மை தெரிந்தது. செல்போனைத் தரையில் அடித்து உடைத்தேன், அவனையும் அடித்தேன். மறுநாள் மாலை அவன் வீட்டில் இல்லை. இரவு முழுதும் தேடி, விடியற்காலையில் பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்தோம். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அதில் நாலு பேர் என்னோடு பேசுவார்கள் அப்பா" என்றான். அதற்கு முந்தைய பத்து மாதங்களில் நான் அவனுடன் பேசியவை என்னென்ன என்று எண்ணிப் பார்த்தேன். மதிப்பெண்ணைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. அவன் சீராக ஓராண்டு ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் விளையாடுகிறான், நான் தடுப்பதில்லை.

சர்க்கார் தடை செய்தால் போதாதா என்று கேட்கலாம். பப்ஜி 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. 2021இல் வேறு பெயரில் வந்துவிட்டது. தென்கொரியாவில் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை கணினியில் இணைய விளையாட்டு ஆடலாகாது என்று 2011இல் சட்டம் செய்தார்கள். பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு நுழைந்தார்கள். பின்னர் செல்போனுக்கு மாறினார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் அச்சட்டம் கைவிடப்பட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளின் செய்தி வேறு. அவற்றைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே சட்டம் நிறைவேற்றியுள்ளது. அப்படி எதிலேனும் பிள்ளை சிக்கியிருந்தாலும், மோசடியில் பணம் இழந்திருந்தாலும் உடனே 1930 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றுள் நான் முதலிடம் கொடுப்பது உறக்கத்துக்கு. இரவு 9 மணிக்கு வீட்டிலுள்ள செல்போன்கள் அனைத்தும் கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். தகப்பனாருடையதும் அங்கேயே இருக்க வேண்டும். தாம் படுக்கையில் படம் பார்த்துக்கொண்டு மகனை அதட்டும் தகப்பன் சொல் எடுபடாது. என் சொல்லும் எடுபடவில்லை. விளையாட்டுகளை இறக்கும் கடைக்கும் பணம் செலுத்துவதற்கும் கடவுச்சொல் இட்டு, அதைப் பெற்றோர் மட்டுமே அறிந்திருக்க வேண்டும். முற்றும் நிறுத்துவதைவிட நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பது நல்லது. பிள்ளை பள்ளிக்கே போக மறுத்தாலோ, உயிரை விடுவேன் என்று பேசினாலோ, அதை மிரட்டல் என்று தள்ளிவிடலாகாது. 14416 என்ற மனநல உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநல வைத்தியர் இருக்கிறார். அங்கே போவதில் வெட்கம் எதற்கு? வயிற்றுவலிக்குப் போகிறோமே!

இனிப் பஞ்சாயத்தின் பங்கு. செல்போனை வைத்துவிட்டு வெளியே வா என்கிறோம். வந்தவன் எங்கே போவான்? 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பஞ்சாயத்துதோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைக்கப்பட்டன. இவ்வட்டாரத்தில் அத்திடல்களில் எத்தனை இன்று சீமைக் கருவேலங்காடாக நிற்கின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 2024இல் சர்க்கார் வழங்கிய மட்டையும் பந்தும் ஓர் ஊரில் உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கக் கண்டேன். தொலைந்துவிடும் என்று பூட்டிவைத்தார்களாம்! தேய்ந்து தொலைவதற்காகவே பந்து கொடுக்கப்படுகிறது. பெண் பிள்ளைகளுக்கும் திடலில் ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். அவர்களும் இரவில் செல்போனுடன்தான் இருக்கிறார்கள், சத்தமில்லாததால் நமக்குத் தெரிவதில்லை.

அடுத்த கிராம சபையில் திடல், நூலகம் இரண்டையும் பொருள் நிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாலை 5 முதல் 7 வரை நூலகத்தைத் திறந்துவைக்க யார் பொறுப்பேற்பார் என்பதை அன்றே முடிவு செய்துவிடலாம். வரும் வெள்ளிக்கிழமை காலை திடலை அளக்க ஓவர்சியருடன் நான் வருகிறேன். அலமாரிச் சாவி வைத்திருப்பவர் அன்று ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சென்ற முறை என்னை நிறுத்திக் கேட்ட அந்தத் தாயாரும் தம் மகனை அழைத்து வரட்டும். நாடா பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.