மேல் வீட்டுத் தரை, கீழ் வீட்டுக் கூரை

(சென்ற மாதப் பொதுக்கூட்டம் முடிந்ததும், 'பெரிய ரிப்பேர்களை நாமே செய்யலாமா?' என்ற தலைப்பில் நம் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கேட்க முடியாமல் போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

மெயின்டனன்ஸ் கட்டணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி முடித்து, காபியும் ஆறிய பிறகு இத்தனை பேர் எழுந்து போகாமல் இருக்கிறீர்கள். அதற்கு மரியாதையாக நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தொழிற்சாலைப் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். வீட்டில் கீசர் முதல் ஸ்கூட்டர் வரை பெரும்பாலும் நானே பிரிப்பேன், நானே மாட்டுவேன். அதனால் நம் செயலாளர், "எல்லா ரிப்பேரையும் அவரவரே செய்துகொள்ளலாம்னு நாலு வார்த்தை சொல்லுங்க சார்" என்று கேட்டார். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனி வீட்டில் இருப்பவர் தன் தரையைக் கொத்தினால் அது அவர் பாடு. நம் கதை வேறு. என் வீட்டுத் தரைக்கு அடியில் இருப்பது இன்னொருவர் தலை.

ஒரு ரிப்பேரில் இரண்டு வேலை இருக்கிறது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது ஒன்று, அதைச் சரிசெய்வது இன்னொன்று. சரிசெய்வதில் பாதியை ஆளிடம் விடலாம். கண்டுபிடிப்பதை மட்டும் நாமே செய்ய வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் பலம் வேண்டாம், பெரிய கருவி வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். வருகிற ஆளுக்குத்தான் அந்தப் பொறுமை இருக்காது. அவருக்கு அன்றைக்கு இன்னும் நான்கு வீடு இருக்கும். அண்ணாந்து கூரையைப் பார்ப்பார், "ஃபுல்லா உடைச்சுத்தான் பார்க்கணும் சார்" என்பார். அவரைக் குறை சொல்லவில்லை. இரண்டு நாள் காத்திருந்து பார்ப்பதற்கு அவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

நம் குடியிருப்பிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிளாக், மாடி எதுவும் சொல்லப் போவதில்லை. இரண்டு வீட்டாரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், சொல்லலாம் என்று அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். கீழ் வீட்டுக் குளியலறைக் கூரையில் முதலில் மஞ்சளாக ஒரு வட்டம். பிறகு சொட்டு. ஒரு நாள் இரவு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து வாஷிங் மெஷின் மேல் விழுந்தது. மேல் வீட்டுக்காரர் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை டைல்ஸ் இடுக்கு முழுவதும் புதிதாக அடைத்தார். இன்னொரு முறை சுவரைக் கொத்திப் பைப்பை மாற்றினார். இரண்டு தடவையும் காசு போனது, சொட்டு போகவில்லை. "வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்கிறார்கள்" என்று கீழே ஒரு பேச்சு. "இவர்களுக்கு எத்தனை தடவை செய்வது" என்று மேலே ஒரு பேச்சு. விநாயகர் சதுர்த்திக்குக் கீழ் வீட்டு மாமி கொழுக்கட்டை கொடுத்தனுப்புவது வழக்கம். அந்த வருடம் வரவில்லை.

என்னிடம் வந்தபோது நான் உளியை எடுக்கவில்லை. முதலில் கீழ் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். எந்த நேரத்தில் எவ்வளவு சொட்டுகிறது என்று மூன்று நாள் எழுதச் சொன்னேன். மேலே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ராத்திரி பகலாக ஒரே சீராகச் சொட்டினால், பெரும்பாலும் தண்ணீர் வரும் பைப்பில் கோளாறு; அதில் எப்போதும் அழுத்தம் இருக்கும். குளித்த பிறகு மட்டும் கூடினால் தரை, அல்லது கழிவு நீர் போகும் வழி. மழைக்கு மட்டும் வந்தால் வெளிச்சுவர், ஜன்னல் ஓரம், மொட்டை மாடி என்று தேட வேண்டும்.

அடுத்து, மேல் வீட்டுக் குளியலறைக்கு வரும் வால்வை மூடி இரண்டு மூன்று நாள் விட வேண்டும். ஒரு ராத்திரி போதாது. நம்மைப் போன்ற பழைய கட்டடங்களில் குளியலறை ஸ்லாபை ஏறக்குறைய ஓர் அடி இறக்கிப் போட்டு, அந்தக் குழியை உடைந்த செங்கல்லும் சிமென்ட்டும் போட்டு நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பல் தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும். மேலே நிறுத்தினாலும் கீழே சில நாள் சொட்டும். மறுநாள் காலையிலேயே "வால்வை மூடியும் நிற்கவில்லையே" என்று முடிவு கட்டுவதில்தான் பாதிச் சண்டை ஆரம்பிக்கிறது.

மூன்றாவது, தரை. நானி டிராப்பின் வாயைப் பாலிதீனில் சுற்றிய துணியால் இறுக்கி அடைத்துவிட்டு, இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்திலேயே ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு. 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். பக்கெட்டில் குறைவது காற்றில் போனது. தரையில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் அது வேறு எங்கோ போயிருக்கிறது. டிராப் அடைப்பு கசியவில்லை என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கேசரிப் பவுடர். சிரிக்காதீர்கள், எனக்குத் தெரிந்த மிக மலிவான பரிசோதனை இதுதான். வாஷ்பேசினில் ஒரு நிறம், டிராப்பில் நேரே ஊற்றும் தண்ணீரில் வேறு நிறம். கீழே எந்த நிறம் இறங்குகிறது என்று ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வைத்துப் பாருங்கள். நிறம் வெளுத்துத்தான் வரும், இறங்க ஒன்றிரண்டு நாள் ஆகலாம்.

அந்த இரண்டு வீட்டில் என்ன ஆயிற்று? வால்வை மூடினோம், சொட்டு அப்படியே இருந்தது. தண்ணீர் நிறுத்தினோம், தரையும் பக்கெட்டும் ஒரே அளவு. கேசரிப் பவுடர் போட்டோம், கீழே நிறம் இல்லை. பிறகு, இந்தப் பேச்சிலேயே சம்பந்தப்படாத மேல்மாடி வீட்டில் கேட்டு அங்கே நிறத்தைக் கரைத்து ஊற்றினோம். மறுநாள் காலை தட்டில் ஆரஞ்சு! ஷாஃப்ட்டில் இறங்கும் பொதுக் கழிவு நீர்ப் பைப்பில் ஒரு ஜாயின்ட் விரிசல் விட்டிருந்தது. அங்கே கசிந்த தண்ணீர் பைப்பின் மேலேயே வழிந்து, சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ஸ்லாபுக்குள் நுழைந்திருந்தது. மேல் வீட்டுக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. செலவு அவருடையதே இல்லை, சங்கத்துடையது. சங்கம் ஆள் வைத்து ஒரே நாளில் மாற்றியது. இந்த வருடம் கொழுக்கட்டை இரண்டு மாடி ஏறி என் வீட்டுக்கும் வந்தது.

தரையில்தான் கோளாறு என்று தெரிந்தால்? உடனே உடைக்க வேண்டாம். டைல்ஸ் இடுக்கைப் பாருங்கள், முக்கியமாகச் சுவரும் தரையும் சேரும் மூலையையும் டிராப்பைச் சுற்றியும். வாரா வாரம் ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வீடுகளில் இடுக்கில் சிமென்ட்டே இருக்காது. ஆசிட் அழுக்கை மட்டும் தின்பதில்லை, சிமென்ட்டையும் தின்கிறது. இந்த வேலையை நீங்களே செய்யலாம். பழைய அடைப்பைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். அலுப்பான வேலை, முட்டி வலிக்கும், ஒரு சின்னக் குளியலறைக்கே ஒரு முழு நாள் ஆகும். பிறகு ஃபேன் வைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் எது போட்டாலும் நிற்காது. எபாக்ஸி கலவையைப் பாக்கெட்டில் சொன்ன அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் இறுகிவிடும். டைல்ஸ் மேல் படிந்ததை இறுகுவதற்கு முன்பே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள், விட்டால் அப்புறம் பிளேடு போட்டுச் சுரண்ட வேண்டும். 24 மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. ஒரு குளியலறை மட்டும் உள்ள வீட்டுக்காரர்கள் முதலில் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் ஸ்லாப் வரை எடுத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டியதுதான். அது மேஸ்திரி வேலை. ஆனால் ஒரு நிபந்தனையை நீங்கள் விடக் கூடாது. பூச்சு காய்ந்த பிறகு, டைல்ஸ் போடும் முன், 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். கீழ் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். "ரெண்டு நாள் லேட் ஆகும் சார்" என்பார்கள். ஆகட்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், ஸ்லாபுக்குள் கம்பி இருக்கிறது. ஈரம் தொடர்ந்து போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், உள்ளிருந்தே கான்கிரீட்டை நெட்டித் தள்ளும். அன்று வாஷிங் மெஷின் மேல் விழுந்தது பூச்சு மட்டும்தான் என்பது அதிர்ஷ்டம். அதே காரணத்தால், யாரும் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது என்பதற்காகத் தூணையோ பீமையோ தொட வேண்டாம். அடுக்குமாடிச் சட்டப்படி தூண், பீம், முதன்மைச் சுவர், கூரை எல்லாம் பொதுச் சொத்து. 1994 சட்டத்திலும் அப்படித்தான், அதன் இடத்தில் வந்த 2022 சட்டத்திலும் அப்படித்தான். ஏ.சி. பைப்புக்கு ஒரு ஓட்டைதானே என்று பீமில் டிரில்லை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டைக்குக் குறுக்கே கம்பி வந்தால் அதையும் அறுத்துக்கொண்டு போவார்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பத்தில் எட்டு தடவை கண்டன்சர்தான் என்பது என் அனுபவம். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு நீங்களே மாற்றலாம். பழையதில் என்ன மைக்ரோஃபாரட் எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். சுவரில் இருக்கும் ஸ்விட்சை மட்டும் நம்பாதீர்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள். கீசரைத் திறக்கும் வேலையை, எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கத் தெரியாதவர்கள் எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். ஆனால் எல்லோரும் மாதம் ஒருமுறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போர்டில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். கூரையில் விளக்குக்குப் பக்கத்தில் சொட்டினால், மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த லைனை நிறுத்துங்கள்.

இனி வண்டி. மழைக்காலம் வரப்போகிறது. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நம் கார் பார்க்கிங் மறக்கவில்லை. தண்ணீர் வடிந்த காலையில் நாம் எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது ஒன்றுதான், 'ஸ்டார்ட் ஆகிறதா' என்று பார்ப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சின் சுழன்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெறும் சுத்தம் செய்கிற வேலை எஞ்சினையே இறக்குகிற வேலையாக மாறும். எஞ்சினுக்கான தனிப் பாதுகாப்பு எடுக்காத சாதாரண பாலிசியில், இப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. காராக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, டோ வண்டிக்குக் காத்திருங்கள்.

பெட்ரோல் இரு சக்கர வண்டி என்றால் பெரும்பகுதியை நாமே செய்யலாம். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஆயிலைப் பாருங்கள், பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, முழுவதும் வடித்துவிடுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து காயவையுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, சாவி போடாமல், மெதுவாகக் கிக்கரை அழுத்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும், முகத்தை அங்கே வைக்காதீர்கள். கிக்கர் இல்லாத பைக்கை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றலாம். பிறகு புது ஆயில், புது பிளக். பத்து நிமிடம் ஓடவிட்டு அந்த ஆயிலையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். இரண்டு தடவை ஆயில் வீணாகிறதே என்று தோன்றும். எஞ்சின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரேக் டிரம்மைத் திறந்து சேற்றைத் துடைக்காமல் ரோட்டில் இறங்காதீர்கள்.

நீரில் மூழ்கிய மின்சார வண்டியை மட்டும் தொடாதீர்கள். பேட்டரியைத் திறக்கவோ சார்ஜ் போடவோ வேண்டாம். சர்வீஸ் ஆட்கள் வரட்டும்.

நம் பேஸ்மென்ட்டில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் சில. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். கீழே எஞ்சினை நெடுநேரம் ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நம் பேஸ்மென்ட்டில் காற்று போக வழியும் குறைவு. பழைய ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றுவது யார் என்று வாட்ச்மேன் அண்ணனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கேனில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள், சேர்த்துவைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சங்கத்திடம் ஒன்று கேட்டிருக்கிறேன். ஷாஃப்ட்டில் எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று பெயின்ட்டால் எண் எழுதிவைக்க வேண்டும். இன்று பைப் வெடித்தால் கட்டடம் முழுவதற்கும் தண்ணீரை நிறுத்துகிறோம். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏ பிளாக்கிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். டார்ச்சும் நோட்டும் என்னிடம் உண்டு. கூட வர, மாடிக்கு ஒருவர் வேண்டும். குழாயைத் திறந்து மூடிச் சத்தம் கொடுத்தால் போதும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் வரலாம். பெயரை வாட்ச்மேன் அறை நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.