முப்பது குழியை விட்டு வையுங்கள்

(வானொலி வேளாண் உரை)

 

இன்று நான் புதிய மருந்து எதையும் சொல்ல வரவில்லை. புது ரகம், புது உரம், புதுக் கருவி எதுவும் இல்லை. ஒரு வேலையைச் செய்யாமல் இருப்பது எப்படி என்று பேசப் போகிறேன். "இதுக்கு ஒரு அதிகாரி வேணுமா?" என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் விவசாயத்தில் இதைவிடக் கஷ்டமான காரியம் வேறு இல்லை.

1960-களில் தஞ்சைத் தரணியில் ஏ.டி.டி. 27 என்ற நெல் பரவியது. திருச்சி வானொலியில் கேட்டு விதைத்ததால் மக்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். அப்போது வானொலி "இதைப் போடுங்கள்" என்றது. விதை கையில் இருந்தது, போட்டார்கள். "இதை அடிக்காதீர்கள்" என்று சொன்னால் கையில் என்ன இருக்கிறது? வெறுங்கை. வெறுங்கையோடு வரப்பில் நிற்க மனதில் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் எங்கிருந்து வரும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நெல்லை நட்டு இருபது நாள் ஆகியிருக்கும். காலையில் வரப்பில் நின்று பார்க்கிறீர்கள். இலைகள் நீளவாக்கில் சுருண்டு, பச்சையம் சுரண்டப்பட்டு, வெள்ளைக் கோடு கோடாகத் தெரிகின்றன. இலைச் சுருட்டுப் புழு! வயிற்றைக் கலக்குகிறது. உடனே கடைக்கு ஓடுகிறோம், டாங்கைத் தோளில் மாட்டுகிறோம். இதைச் செய்யாதவர் நம்மில் யார்?

நானே செய்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். எங்கள் அப்பாவுக்குக் கோரையாற்றுப் பாசனத்தில் ஆறு மா நிலம். சம்பா நட்டு இருபத்தோராம் நாள் இலையெல்லாம் சுருண்டது. அப்பா, "தம்பி, இதெல்லாம் வர்றதுதான். தூர் வெடிச்சா சரியாப் போயிடும்" என்றார். நான் விவசாயப் பட்டப்படிப்புப் படித்தவன். புத்தகத்திலும் ஏறக்குறைய அதேதான் எழுதியிருந்தது. ஆனால் பக்கத்து வயல்காரர் வரப்பில் போகிற போக்கில், "என்ன, அதிகாரி வீட்டு வயலே இப்படியா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தை போதும். அன்று சாயங்காலமே பைரித்திராய்டு வகை மருந்தைக் கலக்கி அடித்தேன். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கதிரில் பால் பிடிக்கிற சமயம். வயல் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மஞ்சள். ஒரே வாரத்தில் அது களத்து மேடு அகலம் ஆயிற்று. நெருப்பில் தீய்ந்த மாதிரி வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து சாய்ந்தது. புகையான்! ஆறு மாவில் இரண்டு மா வைக்கோலுக்குக்கூட ஆகவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். நான் மருந்து அடித்தது பூச்சியைப் பார்த்து அல்ல, பக்கத்து வயல்காரர் வாயைப் பார்த்து.

சரி, முதலில் அடித்த மருந்துக்கும் பின்னால் வந்த புகையானுக்கும் என்ன சம்பந்தம்?

இளம்பயிரில் தண்ணீர் ஓரமாகக் குனிந்து பாருங்கள். தூருக்குத் தூர் சிலந்தி ஓடும். அதில் வேட்டைச் சிலந்தி என்று ஒன்று. வலை பின்னாது, ஓடிப் பிடித்துத் தின்னும். அந்த ஒரு சிலந்தி ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து தத்துப்பூச்சிகள் வரை தின்றுவிடும். மிரிட் நாவாய்ப்பூச்சி என்று பச்சையாக ஒரு சின்னப் பூச்சி. அது புகையான் இட்ட முட்டையைத் தேடி உறிஞ்சும். ஊசித்தட்டான், பொறிவண்டு, இவையெல்லாம் நாம் கூலி கொடுக்காமல் வேலை செய்கிற ஆட்கள். இருபதாம் நாள் நாம் அடிக்கிற மருந்தில் முதலில் சாவது இந்த ஆட்கள்தான்.

புகையானோ தன் முட்டையை இலை உறைக்குள்ளே செருகி வைக்கிறது. மருந்து அங்கே போய்ச் சேராது. ஏழெட்டு நாளில் குஞ்சு வெளியே வரும்போது தின்பதற்கு எதிரி இல்லை. ஒரு தாய்ப் பூச்சி இருநூறு முந்நூறு முட்டை இடும். ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். காவல்காரனை அடித்துப் போட்டுவிட்டு வீட்டைத் திறந்து வைத்த கதைதான்.

இலைச் சுருட்டுப் புழு தின்ற இலை என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இளம்பயிர் அதைத் தாங்கும். தூர் கட்டும் பருவத்தில் புது இலை, புதுத் தூர் விட்டு இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும். நூற்றுக்குப் பத்து இலை சேதம் ஆகிற வரை மருந்தைத் தொட வேண்டியதில்லை. கண்ணாடி இலை வந்த பிறகுதான் கண்டிப்பாக இருக்க வேண்டும். அப்போது நூற்றுக்கு ஐந்து.

இதெல்லாம் நாங்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறோம். "மண்ணைக் காப்பாற்றுங்கள், தண்ணீரைக் காப்பாற்றுங்கள், நன்மை செய்யும் பூச்சியைக் காப்பாற்றுங்கள்" என்று கூட்டத்தில் பேசுவோம். கைதட்டுவார்கள். மறுநாள் காலையில் அதே கைகள் டாங்கைத் தூக்கும். ஏன்? உங்களுக்குத் தெரியாமல் அல்ல. மண் மேல் அக்கறை இல்லாமலும் அல்ல. உழுகிறவனுக்கு இல்லாத அக்கறையா?

காரணத்தை ஒரு அம்மாள்தான் எனக்குச் சொன்னார். ஒரு கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் எழுந்து நின்றார். "ஐயா, நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. நான் குத்தகைக்குச் செய்யறவ. உங்க பேச்சைக் கேட்டு மருந்தடிக்காம விட்டு, பயிர் போச்சுன்னா, குத்தகை நெல்லை நீங்க அளப்பீங்களா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. எனக்குப் பதில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். மருந்தடித்துப் பயிர் போனால், "பாவம், அவரும் எல்லாம் செய்து பார்த்தார்" என்று ஊர் சொல்லும். அடிக்காமல் விட்டுப் பயிர் போனால், "சோம்பேறி, சும்மா இருந்து கெடுத்தான்" என்று சொல்லும். நஷ்டம் ஒன்றுதான், பேச்சு வேறு. கடைக்காரரோ மருந்தைக் கடனாகக் கொடுக்கிறார், அறுவடையில் வாங்கிக்கொள்கிறார். நாம் அடிப்பது பாதி பூச்சிக்கு, பாதி பயத்துக்கு. பயத்துக்கு அடிக்கிற மருந்தை உபதேசத்தால் நிறுத்த முடியாது.

பின் எதனால் நிறுத்தலாம்? நம்மைப் போலவே நெல்லை நம்பி வாழ்கிற இரண்டு நாடுகளில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

இந்தோனேசியாவில் ஒரு காலத்தில் பூச்சிமருந்துக்கு அரசே பெரும் மானியம் கொடுத்தது. மலிவாகக் கிடைத்ததால் தாராளமாக அடித்தார்கள். புகையான் அதைவிடத் தாராளமாகப் பெருகியது. 1986-ஆம் ஆண்டு அந்த நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தது. 1989-க்குள் மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. தடையோடு விட்டுவிடவில்லை. விவசாயிகளைக் குழு குழுவாக வயலிலேயே உட்கார வைத்து, வாரா வாரம் பூச்சியை எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். வயல்வெளிப் பள்ளி என்று பெயர். பத்து இலட்சம் விவசாயிகளுக்கு மேல் அதில் படித்தார்கள்.

அடுத்தது வியட்நாம். மீகாங் ஆற்று டெல்டா நம் காவிரி டெல்டா மாதிரி நெல் பூமி. அங்கே 1990-களில் விஞ்ஞானிகள் விவசாயிகளிடம் உபதேசம் செய்யவில்லை. "நாங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் வயலில் ஒரு மூலையை மட்டும் விட்டு வையுங்கள். விதைத்த முதல் நாற்பது நாள் அங்கே இலைப் புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள். அறுவடையில் இரண்டையும் அளந்து பாருங்கள்" என்றார்கள். இதையே 1994 முதல் லாங் ஆன் மாகாணத்தில் துண்டுப் பிரசுரமாகவும் வானொலி நாடகமாகவும் பரப்பினார்கள். ஆமாம், வானொலியில்தான்! போகத்துக்கு மூன்று தடவைக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தவர்கள், சுமார் ஒன்றரைத் தடவையாகக் குறைத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாளுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்கு இதில் கிடைத்தது. மறுபடி போய், "அம்மா, முழு வயலையும் நம்பி விட வேண்டாம். முப்பது குழி மட்டும் விடுங்க. அது போனாலும் நீங்க தாங்கலாம்" என்றேன். முப்பது குழி என்றால் ஏறக்குறைய பத்து சென்ட். அவர் விட்டார். தினமும் போய்ப் பார்த்தார். அறுவடையில் மருந்தடித்த முப்பது குழியையும் அடிக்காத முப்பது குழியையும் தனித்தனியாக அறுத்து, கதிரடித்து, தூற்றி அளந்தார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு ஐயா. மருந்துக் காசும் ஆள் கூலியும்தான் எனக்கு மிச்சம்" என்றார். அடுத்த சம்பாவில் முன்மருந்தை முழு வயலுக்கும் நிறுத்திவிட்டார். நான் கேட்காமலே பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் அவரிடம் போய்க் கேட்டார்கள். பத்துக் கூட்டத்தில் என்னால் ஆகாதது அவருடைய மரக்காலால் ஆயிற்று.

ஆகவே பெருமக்களே, உங்களையும் அதைத்தான் கேட்கிறேன். செய்முறையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. வயலின் ஒரு பக்கத்தில் முப்பது குழியைக் குச்சி நட்டு அடையாளம் செய்யுங்கள். அதே அளவு இன்னொரு இடத்தையும் அளந்து வையுங்கள். நடவு என்றால் நட்ட முப்பது நாள் வரை, நேரடி விதைப்பு என்றால் விதைத்த நாற்பது நாள் வரை, முதல் இடத்தில் இலை தின்னும் புழுவுக்கு மருந்து வேண்டாம். உரம், தண்ணீர், களையெடுப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டு. வாரம் ஒரு நாள் காலையில் வயலில் குறுக்காக நடந்து இருபது குத்துகளைப் பாருங்கள். தூரின் அடியைத் தட்டிப் பாருங்கள். எத்தனை புகையான், எத்தனை சிலந்தி என்று குழந்தைகளின் பழைய நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட்டிப் போங்கள். நம் கண்ணைவிட அதன் கண் கூர்மை.

மூன்று. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே நடவடிக்கை வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் முதலில் மடையைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். வேப்பங்கொட்டைச் சாறு நூற்றுக்கு ஐந்து பங்கு என்ற அளவில் தூரின் அடியில் படும்படி தெளியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் பரிந்துரைத்த மருந்து. பைரித்திராய்டு வகை மட்டும் வேண்டவே வேண்டாம். அது புகையானைப் பெருக்கும்.

நான்கு. நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விடுங்கள். காற்றும் வெயிலும் தூருக்குள் போகும். யூரியாவை ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். மதமதவென்று கரும்பச்சையாக நிற்கிற பயிர் நமக்கு அழகு, புகையானுக்கு விருந்து. வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போட்டால் நன்மை செய்யும் பூச்சி தங்க இடம் கிடைக்கும், குழம்புக்குப் பயறும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பொறுமை இலையைத் தின்னும் புழுவுக்கு மட்டும்தான். வெங்காயத் தாள் போலக் குழல் வந்தால் அது ஆனைக்கொம்பன். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டு துளைப்பான். அவற்றுக்குக் கணக்கு வேறு. அந்தத் தூரைப் பிடுங்கிக்கொண்டு உங்கள் வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். கடைக்குப் போகும் முன்னால் எங்களிடம் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. இதைத் தனியாகச் செய்யாதீர்கள். தனியாக நின்றால் ஊர்ப் பேச்சு பயமுறுத்தும். ஒரே வாய்க்கால் பாசனத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஆளுக்கு முப்பது குழி விடுங்கள். வாரா வாரம் ஒருவர் வயலை மற்றவர் பாருங்கள். ஐந்து பேர் செய்தால் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் இல்லை, சோதனை என்று பெயர். புகையானுக்குச் சிறகு உண்டு, வரப்பு தெரியாது. ஆகவே நம் புத்திக்கும் வரப்பு இருக்கக் கூடாது.

எங்கள் அப்பா இன்று இல்லை. அந்த ஆறு மாவை என் தம்பி செய்கிறான். இந்தச் சம்பாவிலும் இலை சுருண்டது. பக்கத்து வயல்காரரின் மகன் வரப்பில் நின்று, "என்ன சித்தப்பா, மருந்து அடிக்கலையா?" என்று கேட்டானாம். தம்பி அவனை வயலுக்குள் இறங்கச் சொல்லி, குனிய வைத்து, சிலந்தியைக் காட்டினானாம்.

நீங்களும் முப்பது குழியை விட்டு வையுங்கள். அறுவடை முடிந்ததும் அளந்த கணக்கை உங்கள் வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள். குறைவாக வந்தாலும் சொல்லுங்கள். அதிலும் எங்களுக்குப் பாடம் உண்டு.