காமெடியில் வரும் ஆம்பளை

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இனி கொஞ்ச நேரம் சினிமா பேசுவோம். சிரிக்காதீங்க, இதுவும் பாலினப் பயிற்சிதான்.

சினிமா நமக்கு ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை. நம்ம காரைக்குடி ஏ.வி.மெய்யப்பன் 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம்தான். அதற்கு முன்பே, 1941இல், ஏ.டி.கிருஷ்ணசாமியோடு சேர்ந்து அவர் இயக்கிய ‘சபாபதி’ முழுக்க முழுக்க காமெடி. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அது. டி.ஆர்.ராமச்சந்திரன் பணக்கார வீட்டுப் பிள்ளை, பரீட்சையில் தேறாத மண்டு. கல்யாணம் ஆகிறது. வந்த பெண் படித்தவள். அவளே பாடம் சொல்லிக்கொடுத்து அவனைத் தேற வைக்கிறாள். பெண்டாட்டியிடம் படிப்பதால் அவனுக்கு மானம் போய்விடவில்லை. நம் பாட்டிமார் காலத்துப் படம் இது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இப்போது 2003இல் வந்த ‘வின்னர்’ படத்துக்கு வருவோம். கைப்புள்ளயைத் தெரியாதவங்க கை தூக்குங்க பார்ப்போம். ஒருத்தரும் இல்லை! வடிவேலு அதில் வருத்தப்படாத வாலிபர் சங்கத்துக்குத் தலைவர். சந்தா கிடையாது, தீர்மானப் புத்தகம் கிடையாது, அப்படி ஒரு சங்கம். நம்ம குழு இப்படி நடந்தால் வங்கி மேலாளர் வாசலோடு அனுப்பிவிடுவார். கைப்புள்ள வீறாப்பாகக் கிளம்புவார், போன இடத்தில் உதை வாங்குவார், திரும்பி வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் வீறாப்பு பேசுவார். நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். ஏன்? அந்த ஆளை நமக்குத் தெரியும். டீக்கடையில் பார்த்திருக்கிறோம், சில பேர் வீட்டிலேயே பார்க்கிறோம். ஆம்பளை என்றால் பயப்படக்கூடாது, தோற்கக்கூடாது, தோற்றாலும் சொல்லக்கூடாது என்று சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்த்த வெற்று ஜம்பத்தைத்தான் வடிவேலு கிழித்துக் காட்டுகிறார். எங்களைக் கேட்டால், பத்து பயிற்சி வகுப்பு செய்யாததை அந்த ஒரு நடிப்பு செய்திருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் இருக்கு. படத்தில் அடி வாங்கியதோடு காட்சி முடிந்துவிடும். கூலி கொடுக்கிற இடத்திலேயோ, கடன்காரனிடமோ, ஊர்ப் பொதுவிலேயோ அவமானப்பட்ட மனுஷன் வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்று எந்தக் காமெடியாவது காட்டுகிறதா? வெளியே வாங்கினதை வீட்டில் இறக்கி வைக்கிறார். வடிவேலுவுக்கு வலிக்காது, அது நடிப்பு. நமக்கு வலிக்கும்.

1990களில் வி.சேகர் படங்களில் வடிவேலுவும் கோவை சரளாவும் ஜோடியாக வந்தபோது பெண்டாட்டி புருஷனைப் புரட்டி எடுப்பாள். தியேட்டரில் விசில் பறக்கும். திருப்பி அடித்துவிட்டாளே என்று நமக்கும் ஒரு சந்தோஷம். இதில் ஒரு சிக்கல் இருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்றாலே சிரிப்பு என்று பழகிவிட்டால், நியாயமாக நடக்கிற ஆம்பளையும் சிரிப்புக்கு ஆளாகிறான். புருஷன் புடவை துவைக்கிற காட்சி எத்தனை படத்தில் வந்திருக்கிறது! 1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’யில் கமல் சமைக்கிறார், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். நல்ல படம்தான். ஆனால் அதற்கு அவர் புடவை கட்டி மாமியாக மாற வேண்டியிருக்கு. வேட்டியோடு அந்த வேலையைச் செய்தால் ஆகாதா?

கூட்டம் நடக்கிற அன்று சாயங்காலம் உலை வைக்கிற அண்ணன்மார் நம்ம கிராமங்களிலும் இருக்கிறார்கள். யாராவது எட்டிப் பார்த்தால் கரண்டியைக் கீழே போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு அரிசி களையத் தெரியாமல் இல்லை. பக்கத்து வீட்டுச் சிரிப்புக்குத்தான் பயம். அந்தச் சிரிப்பில் நம்ம சிரிப்பும் சேர்ந்திருக்கிறது என்பதை மறுக்க முடியுமா? ‘பொண்டாட்டிதாசன்’ என்ற சொல்லை ஆம்பளைகளை விட மாமியாரும் நாத்தனாரும்தான் அதிகம் சொல்கிறார்கள் என்று போன மாதம் ஒரு குழுவில் ஒரு அக்கா சொன்னார். யாருமே மறுத்துப் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவில் ஒருத்தர் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கும்போது சுற்றி நிற்கிற பசங்க படத்து வசனம் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் நாம் சேர வேண்டாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடி மட்டும் வன்முறை இல்லை. கேவலமாகப் பேசுவதும், நம்ம கையில் இருக்கிற காசைப் பிடுங்குவதும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இந்த எண்ணை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை. வீட்டில் பிள்ளைகளோடு காமெடி பார்க்கும்போது, எந்த இடத்தில் பையன் சிரிக்கிறான், எந்த இடத்தில் பொண்ணு சிரிக்காமல் இருக்கிறாள் என்று கவனியுங்கள். பையனிடம், ‘ஏன்டா சிரிச்சே?’ என்று மட்டும் கேளுங்கள், திட்ட வேண்டாம். அவன் சொன்ன பதிலைக் குழுவில் வந்து சொல்லுங்கள், கேட்க ஆவலாக இருக்கிறோம்.