இயர்போனில் சத்தம் போதவில்லை



பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்குள்ள கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை வேளைகளில் நானும் இரண்டு இளைஞர்களும் மேசை போட்டு உட்காருவது வழக்கம். கைப்பேசியில் ஏதாவது விளங்கவில்லை என்று வருகிறவர்களுக்கு உதவி செய்வது எங்கள் வேலை. வங்கிக் கணக்கு திறக்கவில்லை, பேரன் அனுப்பிய படம் தெரியவில்லை என்று பலவும் வரும். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக நான் கேட்டிருக்கும் குறை ஒன்றுதான். "வாத்தியாரே, இயர்போன்ல சத்தமே பத்தல. கொஞ்சம் கூட்டிக் குடுங்க."

அப்படி வந்தவர்களில் ஒரு பெரியவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். வயது 68. இளமையில் பால்வெட்டு. பிறகு ரப்பர் ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை. அதன் பிறகு செம்பனைக் காட்டில் குத்தகைக்குப் புல் வெட்டும் இயந்திரம் தோளில் மாட்டியவர். கூலிமில் வேலை செய்யும் மகன், கம்பி இல்லாத புளூடூத் இயர்போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். இரவில் மனைவி தூங்கிய பின் பழைய பாட்டும் வானொலிச் செய்தியும் கேட்பது இவருடைய ஆசை. "பாட்டு கேக்குது வாத்தியாரே. செய்தி வாசிக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கல" என்றார். அவர் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியத்தை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இயர்போனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒலி வெளிவரும் வாயில் மெல்லிய வலை ஒன்று இருக்கும். அந்த வலையில் காதுக் குறும்பி ஏறி அடைத்திருந்தது. நேயர்களே, சத்தம் குறைந்துவிட்டது என்று வருகிற இயர்போன்களில் பலவற்றுக்கு நோய் இதுதான். உலர்ந்த பழைய பல் துலக்கி ஒன்றை எடுத்து, இயர்போனின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தேய்த்தால் போதும், அழுக்கு கீழே உதிரும். தண்ணீர் வேண்டாம். ஊசியால் குத்தவே வேண்டாம். குத்தினால் வலை கிழிந்து அழுக்கு உள்ளே போய்விடும். கூடவே வரும் ரப்பர் மூடிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் இருக்கும். காதுத் துளையில் சரியாகப் பொருந்தாத மூடி என்றால் தாழ்ந்த ஒலிகள் எல்லாம் வெளியே ஒழுகிப் போய், பாட்டு தகரத்தில் தட்டுவதுபோல் கேட்கும். பெட்டியோடு வந்த மற்ற அளவுகளைப் போட்டுப் பார்க்காமலே பலர் அவற்றைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள்.

சுத்தம் செய்தபின் கொஞ்சம் தேறியது. ஆனாலும் பெரியவர் தலையை ஆட்டினார். ஆகவே கைப்பேசிக்கு வந்தோம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சத்தம் என்பது ஒன்றல்ல. மணிச் சத்தம், அலாரச் சத்தம், பாட்டு முதலியவற்றின் சத்தம், பேச்சுச் சத்தம் என்று தனித்தனியாக இருக்கும். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் எது கூடுகிறது என்பது அந்த நேரத்தில் என்ன ஒலித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய கைப்பேசிகளில் ஒன்றும் ஒலிக்காதபோது அழுத்தினால் மணிச் சத்தம்தான் கூடும். வாட்ஸ்அப்பில் மகளோடு பேசும்போது சத்தம் குறைவு என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்த வேண்டும். பேசி முடித்தபின் அழுத்திப் பயனில்லை.

புளூடூத் இயர்போனில் இன்னொரு சிக்கல் உண்டு. கைப்பேசிக்கு ஒரு சத்த அளவு, இயர்போனுக்குள் ஒரு சத்த அளவு என்று இரண்டு இருக்கலாம். சாதாரணமாக ஆண்ட்ராய்டு இரண்டையும் சேர்த்து ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கும். சில மலிவான இயர்போன்களில் அந்தக் கட்டு சரியாக வேலை செய்யாமல், கைப்பேசி உச்சத்தைக் காட்டினாலும் இயர்போன் பாதியிலேயே நின்றுவிடும். இதை அவிழ்க்க வழி இருக்கிறது. செட்டிங்ஸில் கைப்பேசியைப் பற்றிய பக்கத்துக்குப் போய், பில்ட் நம்பர் என்ற வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற புதிய பகுதி திறக்கும். அதில் டிஸேபிள் அப்சலூட் வால்யூம் என்பதை இயக்கிவிட்டு, இயர்போனை ஒருமுறை துண்டித்து மறுபடி இணைக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு அளவும் தனித்தனியே நடக்கும். அந்தப் பகுதியில் உள்ள மற்ற எதையும் தொட வேண்டாம். அது பொறியாளர்களுக்காக வைத்த அறை.

பெரியவரின் கைப்பேசியில் நான் கண்ட மூன்றாவது விஷயம் வேறு. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் அறிவிப்பு ஒன்று வந்து நின்றது. அதிகச் சத்தத்தில் நெடுநேரம் கேட்டால் காது கெடலாம், இன்னும் கூட்டவா என்று அது கேட்கிறது. இவருடைய கைப்பேசி ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு அது புரியாததால், வந்தபோதெல்லாம் ஏதோ தவறு என்று பயந்து மூடியிருக்கிறார். கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். எச்சரிக்கை என்பது படிக்கிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டாமா?

சத்தத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் வால்யூம் பூஸ்டர் செயலிகளைப் போட்டுத் தரச் சொல்லியும் சிலர் கேட்பார்கள். நான் போடுவதில்லை. மங்கு நிறையப் பால் வடிந்தபின் மேலும் வடிந்தால் என்ன ஆகும்? வழிந்து தரையில் போகும். அதுபோல, பதிவான ஒலியின் அலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் தள்ளினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, பாட்டு கரகரப்பாகிவிடும். சத்தம் கூடும், தெளிவு குறையும்.

இவ்வளவும் செய்து முடித்து, "இப்ப எப்படிண்ணே?" என்றேன். "கொஞ்சம் பரவால்ல. இன்னும் கூட்டுங்க" என்றார். சந்தேகம் வந்தது. இயர்போனைத் துடைத்து என் காதில் வைத்தேன். வைத்த வேகத்தில் பிடுங்கி எடுத்துவிட்டேன். அவ்வளவு சத்தம்! அவருக்குப் போதாத சத்தம் எனக்கு வலித்தது. அப்போதுதான், குறை இவ்வளவு நேரம் நான் தேடிய இடத்தில் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

நேயர்களே, ஒலியை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். 3 டெசிபல் கூடினால் காதுக்குள் போகும் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆகவே பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. பெரியவர்கள் இயர்போனில் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10 மணி. 90 என்றால் 4 மணி. 100 என்றால் வாரம் முழுவதற்கும் சேர்த்து 20 நிமிடம் போலத்தான். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. 75 டெசிபலில் 40 மணி. உச்சத்தில் வைத்தால் 100 டெசிபலைத் தொடக்கூடிய கைப்பேசிகள் நம் வீடுகளில் எத்தனையோ இருக்கின்றன.

நம் உட்காதில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள் ஒலியை உணர்ந்து நரம்புக்குச் சொல்கின்றன. ஒரு தடவை செத்தால் மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. பேரிரைச்சலில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு முதலில் கெடுவது கூர்மையான ஒலிகளை உணரும் செல்கள்தான். உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலிகள். அவை நன்றாகக் கேட்கும். த், ட், ச், க் போன்ற மெய்களின் அடையாளம் பெரும்பாலும் மேல் ஒலிகளில் இருக்கிறது. அவை தேய்ந்துவிட்டால் 'பத்து' என்பதும் 'பட்டு' என்பதும் ஒன்றுபோல் ஆகிவிடும். பாட்டின் மெட்டு கேட்கிறது, செய்தியின் சொல் விளங்கவில்லை என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அது இதுதான். நான் கவனித்திருக்க வேண்டும். சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும், கெடாத தாழ்ந்த ஒலிகள்தான் மேலும் மேலும் இரைகின்றன.

"ஆலையில எவ்வளவு சத்தம் இருக்கும்ணே?" என்று கேட்டேன். "பக்கத்துல நிக்கிறவன் வாயப் பாத்துத்தான் பேசுவோம்" என்றார். காதுக்கு எதுவும் கொடுக்கவில்லையாம். பஞ்சு வைத்துக்கொள்வாராம். பிறகு புல் வெட்டும் இயந்திரம். அதன் இரைச்சல் இயக்குகிறவர் காதில் 90 டெசிபலைத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

நம் நாட்டில் 1989 ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைகளுக்கு இரைச்சல் விதிகள் வந்தன. 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது அன்றைய வரம்பு. 2019 ஜூன் மாதம் முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. வரம்பு 85 ஆகக் குறைந்தது. தோட்ட வேலையும் இந்த விதிகளுக்குள் வரும். வரம்பைத் தாண்டிய இடத்தில் வேலை செய்கிறவருக்குக் காதுக்கவசம் கொடுப்பதும், கேள்திறன் சோதனை செய்து தருவதும் முதலாளியின் கடமை. இரைச்சலினால் வந்த செவிக்குறை, 1969 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழில்நோயாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே சொக்சோவில் விண்ணப்பிக்க இடமுண்டு. இந்தச் செய்தி எத்தனை லயன் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வயதானால் காது மந்தமாகும் என்று சொல்லி நாமே கணக்கை மூடிவிடுகிறோம்.

பெரியவரை அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு அனுப்பினேன். அங்கே மருத்துவர் முதலில் காதுக்குள் பார்த்தார். குறும்பி இறுகி அடைத்திருந்ததை எடுத்தார்கள். குறும்பி மட்டும்தான் காரணம் என்று முடிகிறவர்களும் உண்டு. ஆகவே பஞ்சுக் குச்சியால் நீங்களே குடைந்து அதை இன்னும் உள்ளே தள்ள வேண்டாம். இவருக்கு அதன் பிறகும் குறை தீராததால், காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார்கள். கெடாவின் வடக்கில் இருப்பவர்களுக்கு அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. அடைத்த அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக மெல்லிய ஒலிகளைக் கொடுத்துக் கோடு வரைந்தார்கள். இரண்டு காதிலும் மேல் ஒலிகளில் கோடு சரிந்திருந்தது. இடது காதில் சரிவு கூட.

அந்தக் கோட்டுத்தாளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவருடைய கைப்பேசியை உருப்படியாகச் சரிசெய்ய முடிந்தது. செட்டிங்ஸில் அக்ஸெஸிபிலிட்டி என்ற பகுதியில் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் இரண்டு பக்க ஒலியும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதுக்கும் போகும். ஒரு காது மந்தமானவருக்கு எதுவும் தவறிப் போகாது. பிறகு ஈக்குவலைசரில் இடப்பக்கத்துக் கோல்களைச் சற்று இறக்கி, வலப்பக்கத்துக் கோல்களை ஏற்றினேன். வலப்பக்கம் உள்ளவைதான் மேல் ஒலிகள். கூகுள் 2019 இல் வெளியிட்ட சவுண்ட் ஆம்ப்ளிஃபையர் என்ற இலவசச் செயலியும் இதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்யும். மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அப்படியே விடும். மொத்தச் சத்தத்தை முக்கால் அளவுக்கும் கீழே இறக்கி வைத்துச் செய்தியைப் போட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "தெளிவா இருக்கே" என்றார். செவிக்கருவி தரும் தெளிவு இதில் வராது. அதற்கு அவர் பெயர் பதிந்திருக்கிறது. சொக்சோவுக்காகப் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் அது கொஞ்சம் சிரமம்தான். சுங்கை பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் சொக்சோ அலுவலகம் உண்டு; இவர் நிலையில் உள்ளவர்கள் கோட்டுத்தாளோடு நேரில் போய்க் கேட்பது நல்லது.

இதையெல்லாம் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் பார்த்துக்கொண்டிருந்தான். என்னோடு உதவிக்கு வரும் இருவரில் ஒருவன். விடுமுறை நாட்களில் அவனும் புல் வெட்டப் போகிறவன். "சார், நான் மெஷின் ஓட்டுறப்ப இயர்போன் போட்டுக்கிட்டு, மெஷின் சத்தம் கேக்காத அளவுக்குப் பாட்ட வைப்பேன்" என்றான். இயந்திரம் 90 டெசிபலுக்கு மேல் என்றால், அதை மூழ்கடிக்கும் பாட்டு எவ்வளவு இருக்கும் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். போட்டான். நாளுக்கு 6 மணி நேரம் என்று சொல்லி, பாதியில் பென்சிலை வைத்துவிட்டான்.

அவனுக்கு நான் சொன்னது, இயந்திரம் ஓடும்போது காதை மூடும் கவசம் மட்டும் போடு, பாட்டை ஓய்வு நேரத்துக்கு வை என்பதுதான். அமைதியான இடத்தில், கை நீட்டும் தூரத்தில் நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கும் அளவுக்கு இயர்போனை வைத்துக்கொண்டால் போதும். மறுவாரம் வந்தபோது, பாயா பெசாரில் உள்ள வன்பொருள் கடையிலிருந்து வாங்கிய மஞ்சள் நிறக் கவசம் அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் அதை வாங்கித் தன் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல இது இருந்திருந்தா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.