புளித்த மண்ணும் சுண்ணாம்பும்



மாவு புளித்தால் இட்லி நன்றாக வரும். மண் புளித்தால் என்ன ஆகும்?

இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, காந்தலூர் ஊர்கள் காய்கறிக்குப் பேர் போனவை. பூண்டு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் அங்கே விளைகின்றன. அந்தப் பூண்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனால் கேரளத்தின் மண் பெரும்பாலும் புளிப்பு மண். இதை அமில மண் என்றும் சொல்வார்கள்.

மண் ஏன் புளிக்கிறது? பெரிய மழை பெய்கிறது. மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்து போகின்றன. அறுவடையிலும் கொஞ்சம் போகிறது. அமோனியம் சல்பேட், யூரியா போன்ற உரங்களை ஆண்டுதோறும் போட்டால் புளிப்பு இன்னும் கூடும்.

புளித்த மண்ணில் போட்ட மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். பயிருக்குக் கிடைக்காது. வேர் குட்டையாகும். பீன்ஸ் வேரில் முடிச்சுகள் குறையும். முட்டைக்கோஸ் வேர் வீங்கும் நோய் வரும். விவசாயி என்ன செய்கிறார்? உரம் போதவில்லை என்று நினைத்து, கடன் வாங்கி இன்னொரு மூட்டை போடுகிறார். அந்தக் காசும் மண்ணோடு போகிறது.

ஆகவே முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், மேலே கிடக்கும் சருகை விலக்கி, அரை அடி ஆழத்துக்கு மண் எடுக்கவும். வரப்பு, மரத்தடி, எருக்குழி பக்கம் எடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, அரை கிலோ மட்டும் நிழலில் உலர்த்தி, பெயர் எழுதிக் கிருஷி பவனில் கொடுக்கலாம்.

மண் வள அட்டை கிடைக்கும். அட்டை மலையாளத்தில் இருக்கலாம். எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். பி.எச். என்ற இடத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். 7 என்றால் நடுநிலை. 7-க்குக் கீழே புளிப்பு. 6-ஐ விட 5 பத்து மடங்கு புளிப்பு. காய்கறிகளில் பலவற்றுக்கு 6 முதல் 7 வரை ஏற்றது.

புளிப்புக்கு மருந்து சுண்ணாம்பு. கும்மாயம் என்று கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள். டோலமைட் போட்டால் மக்னீசியமும் சேரும். காய்கறிப் பாத்திக்கு ஒரு சென்ட்டுக்கு 2 முதல் 3 கிலோ என்பது பொது அளவு. சரியான அளவை அட்டையைப் பார்த்துக் கிருஷி பவனில் சொல்வார்கள். நடுவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஈரமான மண்ணில் தூவிக் கொத்திவிட வேண்டும். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். காற்றடிக்கும்போது தூவ வேண்டாம். கண்ணையும் கையையும் காத்துக்கொள்ளுங்கள். பிறகு மக்கிய தொழுவுரம் போடலாம்.

எல்லாப் பயிருக்கும் சுண்ணாம்பு வேண்டுமா? வேண்டாம். தேயிலையும் அன்னாசியும் புளிப்பு மண்ணில் வளரும். உருளைக்கிழங்குக்குச் சுண்ணாம்பு மிஞ்சினால் கிழங்கில் சொறி வரும்.

எல்லா ஊருக்கும் வேண்டுமா? அதுவும் வேண்டாம். பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் கிழக்குப் பகுதியில் கரிசல் மண் உண்டு. அங்கே மழை குறைவு. அந்த மண் பொதுவாகப் புளிப்பதில்லை. அங்கே சுண்ணாம்பு போட்டால் செலவு வீண். இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைப்பதும் குறையும்.

பக்கத்து வயல்காரர் போட்டார் என்று போடாதீர்கள். உங்கள் அட்டையில் உள்ள எண்ணைப் படித்துவிட்டுப் போடுங்கள்.