தானாக வந்த நீர்

(ஏற்காட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீர் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். வையைப் புனலையும் மார்கழி நீராடலையும் எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் வேறொரு மலைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

மிசோரம், மணிப்பூர் மலைகளில் பினே மெனாசே எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் மக்கள் வாழ்கின்றனர். இசுரவேலின் தொலைந்த குலங்களுள் ஒன்றான மனாசேயின் வழியினர் தாம் என்பது அவர்தம் நம்பிக்கை. 2005 மார்ச்சில் இசுரவேலின் தலைமை ரபியருள் ஒருவரான சுலோமோ அமார் அதனை ஏற்றார். ஆயினும் முறைப்படி யூதராக வேண்டுமெனில் நீரில் மூழ்கியெழ வேண்டும். அதற்கு ஒரு குளம் வேண்டும். இசுரவேலிய ரபியர் மேற்பார்வையில் மிசோரத்தில் ஒரு மிக்வே கட்டப்பட்டது. பின்னர் மணிப்பூரிலும் ஒன்று எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் இந்திய அரசு அதிருப்தி தெரிவிக்கவே, இங்கு நடந்த மதமாற்றச் சடங்குகள் நிறுத்தப்பட்டன.

மிக்வே என்னும் எபிரேயச் சொல்லுக்கு நீர் திரண்ட இடம் என்பது பொருள். நாற்பது சேயா நீர் அதிலிருக்க வேண்டும். அது ஏறத்தாழ 300 முதல் 600 லிட்டர் வரை எனப் பலவாறு கணக்கிடுவர். அந்நீர் மழையாகவோ ஊற்றாகவோ தானே வந்து சேர்ந்ததாயிருத்தல் வேண்டும். குடத்தில் மொண்டு ஊற்றியது ஆகாது. குழாய்நீர் நிறைந்த தொட்டிக்கும் அருகிலுள்ள மழைநீர்த் தொட்டிக்கும் இடையே, இரு விரல் அகலத் துளையொன்றிட்டு இணைத்துவிட்டால் குழாய்நீரும் தகுதி பெறும். இதனை இரு நீரும் முத்தமிடுதல் என்கின்றனர். நம் சேர்வராயன் குகையும் காவிரியோடு உள்ளூர இணைந்தது என்று இம்மலைமக்கள் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை இரு மரபுக்கும் தேவைப்பட்டிருக்கிறது!

மணமான யூதப்பெண் மாதவிலக்கு முடிந்து ஏழு தூய நாள்களை எண்ணியபின் இதில் மூழ்குவாள். தலைமயிர் ஓரிழையும் நீர்மேல் மிதத்தல் கூடாது. மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். அழுக்கு நீங்கக் குளித்த பின்னரே இதில் இறங்குவர். ஆகவே இது அழுக்கைக் கழுவும் இடமன்று.

நம் வீடுகளிலும் 'தலைக்குக் குளித்தல்' என்றொரு வழக்கு உண்டு. அதற்கு முந்திய நாள்களுக்குத் 'தூரம்' என்று பெயர். என் பாட்டி அந்நாள்களில் கொல்லைப்புறத்தில்தான் இருந்தாள். அவள் குளிப்பதற்கென்று ஊரார் ஒரு செங்கல்லும் எடுத்து வைக்கவில்லை. யூதச் சட்டமோ, தொழுகைக்கூடத்துக்கு முன்னர் மிக்வேயைக் கட்டுக என்கிறது. பொருளில்லையேல் தோராச் சுருளை விற்றேனும் கட்டுக என்கிறது. பெண்ணின் நீராட்டுக்காக ஒரு சமூகம் தன் வேதச்சுருளையும் விற்கத் துணிவதை நான் சிறிதென்று கருதவில்லை. எனினும் அவளைத் தீட்டுடையவள் எனக் குறித்ததும் அதே சட்டம்தான். யூதப் பெண்களிடையே இதனைத் துறந்தோரும் உண்டு, தமதாக மீட்டுக்கொண்டோரும் உண்டு. என் மனம் முன்னவர் பக்கமே சாய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீட்டுடையார் இறங்கினாலும் மிக்வேயின் நீர் தீட்டாவதில்லை. 1927-இல் மகாடு ஊரின் சவதார் குளத்தில் அம்பேத்கரும் அவருடன் வந்தோரும் நீர் பருகினர். சாதியினர் 108 குடங்களில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றி அக்குளத்தைத் 'தூய்மை' செய்தனர். மனிதன் தொட்டால் கெட்டுப்போகும் நீரைப் பற்றி நம் கவிதை போதிய அளவு எழுதவில்லை. இவ்வட்டத்தின் இளைய கவிஞர்கள், குறிப்பாகப் பெண்கள், புனலாடலைப் பாடுமுன் 'தூரம்' என்னும் அச்சொல்லைக் கையிலெடுக்க வேண்டுகிறேன்.