சொல் இல்லாத இசைக்குப் பெயர்



பெயர்ச் சொற்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் நம் இலக்கண நூலார் இரண்டாகப் பகுத்துள்ளனர். மண், மரம் என்பன இடுகுறிப் பெயர்கள். பறப்பதனால் பறவை என்பது காரணப் பெயர். தேர்வு முடிந்த பின் இப்பாகுபாட்டினால் என்ன பயன் என்று கேட்பாரும் உளர். ஒரு பயனை இன்று காட்ட விரும்புகிறேன். மின்னணு இசை அமைப்போர் தம் படைப்புகளுக்கு எவ்வாறு பெயர் இடுகின்றனர் என்பதே என் பேச்சின் பொருள்.

பாட்டுக்குப் பெயர் இடுவது எளிது. கீர்த்தனையாயின் பல்லவியின் தொடக்கமே அதன் பெயராகிவிடுகிறது. திரைப்பாடலும் அவ்வாறே முதல் அடியால் அழைக்கப்படுகிறது. மின்னணு இசையிலோ பெரும்பாலும் சொல்லே இல்லை. கருவிகள் பிறப்பித்த ஒலியும், பதிவு செய்து வெட்டி ஒட்டிய ஒலியுமே அங்கு உண்டு. ஆகவே படைப்பாளி கேட்பவரோடு பேசும் ஒரே சொல் தலைப்புத்தான். அச்சொல் வழி காட்டவும் கூடும். வழி மறிக்கவும் கூடும்.

இவ்விசை பிறந்து வளர்ந்த தொட்டில்களுள் வானொலி நிலையமும் ஒன்று. 1948-ஆம் ஆண்டில் பாரிஸ் வானொலியில் பணிபுரிந்த பியர் ஷெஃபர் என்பவர், பாத்தின்யோல் ரயில் நிலையத்துக்குச் சென்று எஞ்சின்களின் ஓசையைப் பதிவு செய்தார். அவ்வோசையைத் துண்டு துண்டாக்கி, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, ஏறத்தாழ மூன்று நிமிட இசையாகக் கோத்தார். ‘ரயில் பாதைப் பயிற்சி’ என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். அது அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் நாள் வானொலியில் ஒலித்தது. பெயர் தெளிவான காரணப் பெயர்.

ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓர் ஒலி எதிலிருந்து பிறந்தது என்பதை மறந்து, அதனை ஒலியாகவே கேட்கப் பழக வேண்டும் என்பது ஷெஃபர் பின்னர் விரிவாக வகுத்துரைத்த கொள்கை. அவர் இட்ட பெயரோ கேட்பவரைக் கையைப் பிடித்து ரயிலடிக்கே இழுத்துச் செல்கிறது. அதே தொகுதியில் பியானோ ஒலியைக் கொண்டு அவர் அமைத்த இரண்டு பயிற்சிகளுக்கு ‘ஊதா’, ‘கறுப்பு’ என்று நிறங்களின் பெயரை இட்டார். அங்கே கருவியின் பெயர் மறைந்துவிட்டது; கேட்பவருடைய செவிக்கு விடுதலையும் கிடைத்தது. ஒருவரே ஒரே காலத்தில் செய்த இவ்விரு செயல்களையும் எண்ணிப் பார்க்கும்போது, பெயரிடுதல் இசையமைப்பின் ஒரு கூறே என்று எனக்குத் தோன்றுகிறது.

ரயில் ஓசைக்கு ரயில் என்னும் மூலப் பொருளேனும் உண்டு. மூலப் பொருளே இல்லாத ஒலிக்கு என்ன பெயர் இடுவது? ஜெர்மனியின் கொலோன் நகர வானொலி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹவுஸன், மின்கருவி எழுப்பும் ஒற்றை அலை ஒலிகளை மட்டும் அடுக்கி 1954-இல் ஒரு படைப்பை ஆக்கினார். குழலும் யாழும் எழுப்பாத ஒலிகள் அவை. ‘ஆய்வு 2’ என்பதே அவர் இட்ட பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கான இசை என்று ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். அதிலுள்ள நான்கு பகுதிகளின் பெயர்கள் 1/1, 2/1, 1/2, 2/2 என்பன. முதல் எண் வரிசையையும், அடுத்த எண் இசைத்தட்டின் பக்கத்தையும் குறிக்கும். எண்ணைப் பெயராக இடுவது சோம்பல் அன்று. ‘யான் ஒன்றும் சொல்லித் தரமாட்டேன், நீரே கேட்டறிக’ என்னும் அடக்கம் அது.

இதற்கு மாறாக, பெயராலேயே காட்சியை எழுப்புவோரும் உண்டு. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1974-இல் ‘ஆட்டோபான்’ என்ற படைப்பை வெளியிட்டனர். விரைவு நெடுஞ்சாலை என்பது அதன் பொருள். 22 நிமிடத்துக்கு மேல் ஓடும் அதில் பாடும் சொற்கள் மிகச் சிலவே. பெயரைக் கேட்டவுடன் தாளம் சக்கரமாகச் சுழல்கிறது. ஓசை கடந்து போகும் வண்டியாகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த போர்ட்ஸ் ஆஃப் கனடா குழுவினர் 1998-இல் ஒரு படைப்புக்கு ‘ராய்ஜிபிவ்’ என்று பெயரிட்டனர். இது இடுகுறிபோல் ஒலிக்கும். வானவில்லின் நிறங்களை நினைவிற்கொள்ள ‘விப்ஜியார்’ என்று நீங்கள் மனப்பாடம் செய்தீர்கள் அல்லவா? அவ்வெழுத்துக்களைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் கிடைப்பதே இப்பெயர்!

வேலைக் களத்தின் அடையாளங்களே பெயராக நிலைத்துவிடுவதும் உண்டு. கணிப்பொறியில் இசை அமைப்போர், பாதியில் எழும்போது கோப்புக்கு ஏதேனும் ஒரு பெயர் இட்டே தீரவேண்டும். அன்றைய தேதியோ, கருவியின் பெயரோ, தாளத்தின் வேகமோ கைக்கு வருகிறது. இங்கிலாந்தின் ஏஃபெக்ஸ் ட்வின் என்பார் 2014-இல் வெளியிட்ட ‘சைரோ’ தொகுதியின் தலைப்புகளில் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்னும் வேக எண்ணும் சேர்ந்து நிற்கிறது. முதல் படைப்பின் பெயரிலுள்ள ‘மினிபாப்ஸ்’ என்பது ஒரு பழைய தாளக் கருவியின் பெயர். தச்சன் மரத்தில் இட்ட அளவுக்கோட்டை அழிக்காமல் விட்டது போன்றது இது.

படைப்பாளி பெயரிடாமல் விட்டால் என்ன ஆகும்? இதே இசையமைப்பாளர் 1994-இல் வெளியிட்ட ஒரு தொகுதியில் 20-க்கும் மேற்பட்ட படைப்புகள் உள்ளன. ஒன்றே ஒன்று தவிர, ஏனையவற்றுக்குப் பெயர் இல்லை; பெயருக்கு ஈடாகப் படங்களே இருந்தன. கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. படத்தில் தெரிந்த பொருளைக் கொண்டு தாமே பெயர் இட்டு வழங்கலாயினர். அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. நமக்கு இது புதிதன்று. இயற்பெயர் தெரியாத சங்கப் புலவர் ஒருவரைச் செம்புலப் பெயல்நீரார் என்று அவருடைய பாட்டின் தொடராலேயே அழைத்து வருகிறோம். பெயரில்லாத இடத்தில் அன்பு ஒரு பெயரைத் தேடிக்கொள்கிறது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃப்யூச்சர் என்னும் குழுவினர் அமைத்த ஓர் இசை, இசைத்தட்டாக வெளிவருமுன்பே அங்குள்ள நடன அரங்கு ஒன்றில் ஒலித்தது. ஆடியவர்கள் அதனை ஆசிட் டிராக் என்று அழைத்தனர். 1987-இல் இசைத்தட்டு வந்தபோது ‘ஆசிட் டிராக்ஸ்’ என்பதே அதன் தலைப்பு. பின்பு அவ்வகை இசை முழுவதற்கும் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற பெயர் வழங்கிற்று. மக்கள் இட்ட பெயர் ஓர் இசைமரபின் பெயராகவே வளர்ந்துவிட்டது.

பெயர் ஒரு போர்க்குரலாகவும் ஆகலாம். திறந்த வெளியில் இரவில் கூடி இசை கேட்கும் கூட்டங்களைக் கலைக்கக் காவலர்க்கு அதிகாரம் தரும் சட்டம் ஒன்று 1994-இல் பிரிட்டனில் உருவாயிற்று. திரும்பத் திரும்ப வரும் தாளத்தட்டுகளைக் கொண்ட ஒலியையும் அது சுட்டியது. ஆட்டெக்கர் என்னும் இருவர் குழு அவ்வாண்டிலேயே ‘ஆன்ட்டி’, அஃதாவது ‘எதிர்’ என்ற பெயரில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதில் ‘ஃப்ளட்டர்’ என்ற படைப்பில் ஒரு தாளச்சுற்றைப் போல் மற்றொன்று வராதவாறு அமைத்தனர். படபடப்பு என்னும் பெயருக்கு ஏற்ப அத்தாளம் ஓரிடத்தில் நில்லாது. இதனை ஒலிக்கச் செய்வோர் ஒரு வழக்கறிஞரையும் ஓர் இசை அறிஞரையும் உடன் வைத்திருப்பது நலம் என்று உறையிலே எள்ளலாக அறிவுரையும் தந்தனர். சொல் இல்லாத இசை சட்டத்தோடு வாதாடியது. அவ்வாதத்தை உலகுக்கு விளக்கியது பெயரே.

இறுதியாக, நம் நாட்டுச் செய்தி ஒன்று. மும்பையைச் சேர்ந்த சரண்ஜித் சிங் 1982-இல் மின்னணுக் கருவிகளில் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தோடு இசைத்து வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ராகத்தின் பெயரையே இட்டார். ராகப் பெயர் வெறும் அடையாளம் அன்று. ‘இன்ன சுரங்களில் இன்ன முறையில் செல்வேன்’ என்ற வாக்குறுதி. ஆனால் அவ்வாக்குறுதியும் மரபு அறிந்தோர்க்கே விளங்கும். இந்துஸ்தானி பைரவியை நம் கர்நாடக இசையின் பைரவி என்று எண்ணிக் கேட்பவர் ஏமாறுவார். இந்துஸ்தானி பைரவியின் சுரங்கள் நம் தோடி மேளத்தின் சுரங்கள். பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

உங்களுள் சிலர் இன்று கணிப்பொறியிலும் கைபேசியிலும் இசை அமைக்கிறீர்கள் என்பதை அறிவேன். உங்கள் கோப்புக்குப் பெயரிடும்போது அழகான சொல்லைத் தேடி அலைய வேண்டா. ஒலி பிறந்த இடத்தைச் சொல்வதா, செய்த முறையைச் சொல்வதா, ஒரு காட்சியைக் காட்டுவதா, ஒன்றும் சொல்லாது கேட்பவரிடம் ஒப்படைப்பதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இசையில் இல்லாத பெருமையைப் பெயரால் ஏற்றாதீர்கள். அது பாலைக்குச் சோலை என்று பெயரிட்டது போல் ஆகும். பிறர் படைப்பைக் கேட்கும்போதோ, ஒரு முறை பெயரைப் பாராமலும், பின் ஒரு முறை பெயரை அறிந்தும் கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் இடையே எழும் வேறுபாடுதான் அந்த ஒரு சொல் செய்த வேலை.